ஆர்டருக்கு வரைஞ்ச ஃபேஷன் படம்: இன்னும் மனசுல ஓடுற ஒரு சந்திப்பு இருந்தா எழுதுங்க

வேலப்பாடி:

ஆரணிக் கல்யாண ஆர்டர் ஒண்ணு, வேலூர்ல ஒரு பொட்டிக் (டிசைனர் துணிக்கடை) மூலமா வந்தது. முகூர்த்தப் புடவை, ரிசப்ஷன் லெஹங்கா, நலங்குக்குப் பாவாடை தாவணின்னு மூணு ஃபிகர். கலர் கிடையாது, கறுப்பு மை மட்டும். கடை மேடம் போன்ல, பாரிஸ் ஃபேஷன் ஓவியர் ரெனே க்ரூவோ படத்தைக் காட்டி, "இதே மாதிரி ஒரே இழுப்புல வேணும்"னாங்க. நானும் பிரஷ்லயே இழுத்தேன். தோள்ல ஆரம்பிச்ச முந்தி எங்கயும் நிக்காம பாதம் வரைக்கும் இறங்கும். மேடத்துக்கு ரொம்பத் திருப்தி.

படத்தை வாங்க வந்த அன்னிக்குப் பொண்ணோட ஆயாவும் (பாட்டி) வந்திருந்தாங்க. ஆரணியில தறி வீட்டுலயே வாழ்ந்தவங்க. படத்தைக் கிட்ட வாங்கிப் பாத்துட்டு, கொசுவத்து மேல விரலை வச்சு, "இது பட்டு இல்லியேப்பா, நைலக்ஸு"ன்னாங்க. வழிஞ்சு விழற நைலான் புடவையைச் சொன்னாங்க.

அப்புறம் பையில இருந்த முகூர்த்தப் புடவையை எடுத்தாங்க. நுனியை ரெண்டு மடிப்பா மடிச்சு, கட்டைவிரலால ஒரு அழுத்து அழுத்தி விட்டாங்க. மடிப்பு சரியல. வளையற இடத்துல துணி உருண்டையா வளையாம, சின்ன முக்கோணமா ஒடிஞ்சு நின்னுது. அந்த ஒடிவுல மட்டும் வெளிச்சம் பளிச்சுனு பட்டுது. "பாத்தியா, பட்டு வழியாது. நிக்கும்."

மேடம், "ஆயா, இது ஃபேஷன் டிராயிங், அப்படித்தான் இருக்கும்"னு முடிச்சிட்டாங்க. படம் கல்யாணப் பத்திரிகையில அச்சாயி ஊரெல்லாம் போயிடுச்சு. காசும் வந்துடுச்சு. ஆனா இப்ப எந்தப் புடவைக்கு மை போட உக்காந்தாலும் அந்தக் கட்டைவிரல்தான் முன்னாடி நிக்குது. காசு குடுத்தவங்க கேட்ட கோடு ஒண்ணு, துணி கேக்கற கோடு ஒண்ணு. நீங்கல்லாம் எதுக்குக் கட்டுப்படறீங்க?

ஆம்பூர் அப்பர்:

துணிக்குத்தான். இதுல ரெண்டாவது பேச்சே கிடையாது.

நான் ஷூ பக்கம். சாம்பிள் ரூமுக்கு இல்லஸ்ட்ரேஷன் வரைஞ்சு தர்றவன். லேடீஸ் பூட்ஸ் ஒண்ணு, கணுக்காலுக்குக் கொஞ்சம் மேல வரும். வெளிநாட்டு பையருக்கு அனுப்பற படம். என்ன தோல்னு இன்னும் முடிவாகல, படம் மட்டும் முதல்ல வேணும்னாங்க. கணுக்கால்கிட்ட மெல்லிசா நாலஞ்சு மடிப்பு போட்டு மை போட்டேன். பேட்டர்ன் மாஸ்டர் வந்தார். படத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடிச்சார். "இது ஆட்டுத்தோல் மடிப்பு. பொடிசு பொடிசா விழுது. மாட்டுத்தோல்ல பண்ணா ஒண்ணோ ரெண்டோதான் விழும், தடியா. இவங்க விலைக்கு எதுல பண்ணுவாங்கன்னு நெனைக்கிற?"

அவர் சொன்னதுதான் நடந்துது. மாட்டுத்தோல்ல சாம்பிள் போச்சு. படத்துல இருக்கிற மாதிரி இல்லன்னு பையர் திருப்பி அனுப்பிட்டார். அந்தப் பொட்டியைப் பிரிச்சப்ப மாஸ்டர் ஒண்ணுமே சொல்லல. பூட்ஸை எடுத்து மேசையில என் படத்துக்குப் பக்கத்துல வச்சார், அவ்வளவுதான்.

"ஃபேஷன் டிராயிங் அப்படித்தான்"னு உங்க மேடம் சொன்னதை நான் ஒத்துக்கவே மாட்டேன். உடம்பை எவ்வளவு வேணா நீட்டுங்க. ஏழரைத் தலை உயரம் இருக்கிற மனுஷியை ஒம்பது தலை, பத்துத் தலைன்னு இழுக்கறோம், அது இந்தத் தொழில்ல எல்லாரும் ஒத்துக்கிட்ட விஷயம். ஆனா பாக்கறவங்க காசு குடுத்து வாங்கப்போறது உடம்பை இல்லியே, துணியை. அதுல பொய் சொல்லக் கூடாது.

மைக்கூடு:

வேலப்பாடி தம்பி, ஆயா சொன்னது சரிதான். ஆனா கோளாறு கருவியில இருக்கு. பிரஷ்ல பட்டு வராது, நிப் பேனா எடுங்க.

நம்ம ஊர் மே மாச வெயில்ல ஒரு கவுன் ஆர்டர் பண்ணேன். ஃபேன் போட்டா பேப்பர் பறக்கும், நிறுத்தினா வேர்வை சொட்டும். கிளையன்ட் பக்கத்துல உக்காந்து பாத்துட்டிருந்தாங்க. என் முழங்கையில இருந்து ஒரு சொட்டு, சரியா இடுப்பு மேல விழுந்துது. அந்தம்மா மூச்சையே பிடிச்சிட்டாங்க. ஒத்தி எடுத்தேன். மை அசையல, ஏன்னா போட்டிருந்தது வாட்டர்ப்ரூஃப் இங்க். அந்தம்மா மூச்சு விட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு.

அதனால சொல்றேன், குறிச்சு வச்சுக்கங்க. வாட்டர்ப்ரூஃப் இந்தியன் இங்க்ல அரக்குச் சத்து இருக்கும், அதை ஃபவுண்டன் பேனாவுல ஊத்தினா பேனா அன்னியோட காலி. தொட்டு எழுதற நிப்புக்கு மட்டும்தான் அது. புது நிப்புல எண்ணெய்ப் பூச்சு இருக்கும், பல்பொடியோ பேஸ்ட்டோ போட்டுத் தேய்ச்சுக் கழுவாம மை தொடாதீங்க, சொட்டு சொட்டா உருண்டு விழும். வெயில் காலத்துல நிப்புலயே மை காய்ஞ்சு நடுப்பிளவு அடைச்சுக்கும். பக்கத்துல ஒரு தம்ளர் தண்ணி, ஈரத்துணி வச்சு அப்பப்ப துடைங்க. பென்சில் எச்.பி.யை லேசா ஓட்டுங்க. 2எச் சுத்தமா இருக்கும்னு சொல்வாங்க, ஆனா அழுத்திட்டா பேப்பர்ல பள்ளம் விழும், அப்புறம் மை அந்தப் பள்ளத்துலதான் ஓடும். நல்லா காய்ஞ்சப்புறம்தான் ரப்பர், அதுவும் பிசையற ரப்பர். சாதா ரப்பரை அரக்கித் தேச்சா கறுப்பு வெளுத்து சாம்பலாயிடும். கரடான பேப்பர் வேண்டாம், பிரிஸ்டல் அட்டை மாதிரி வழவழன்னு இருக்கணும். நிப் கைக்கு வரலன்னா மைக்ரான் எடுங்க, மெல்லிசு நுனி வச்ச ரெடிமேட் மைப்பேனா. 005ங்கறது 0.20 மி.மீ. தடிப்பு, 01ங்கறது 0.25, 05ங்கறது 0.45, 08ங்கறது 0.50. துணியோட வெளிக்கோட்டுக்கு 08, உள் மடிப்புக்கு 01, ஜரிகைக்கு 005. ஆனா ஒண்ணு, அதுல அழுத்தத்துக்கு ஏத்த மாதிரி கோடு தடிக்காது. ஒரு மடிப்பு எங்க ஆரம்பிச்சு எங்க தேயுதுன்னு காட்ட நிப்புதான். லேசா ஓட்டினா மெல்லிசு, அழுத்தினா தடிசு.

ஊசிநூல்:

மைக்கூடு அண்ணா, நீங்க சொன்னதெல்லாம் உபயோகம்தான். ஆனா வேலப்பாடி கேட்டது பேனாவைப் பத்தி இல்லியே. அந்த ஆயா பிரஷ்ஷைக் குறை சொல்லல.

எனக்கு நடந்தது வேற. குடியாத்தம் பக்கம் இருந்து எழுதறேன். ஒரு பொட்டிக்குக் கல்யாண ப்ளவுஸ் படம், முதுகுப் பக்கம் மட்டும் பெருசா. மயில், கொடி, கழுத்தோரம் கோபுரம் கோபுரமா. கஸ்டமருக்குக் காட்டத்தான் படம், ஒரிஜினல் எனக்குத் திரும்பி வரணும்னு வாய்ப்பேச்சு. வரல. ஒரு நாள் நானே போனேன். பின்கட்டுல ஆரி வொர்க் (கொக்கி ஊசி எம்ப்ராய்டரி) பண்ற பசங்க சட்டத்துல துணி இழுத்துக் கட்டி உக்காந்திருக்காங்க. என் படம் கீழ பட்டர் பேப்பர் மேல கிடக்குது. கோட்டு மேலயே வரிசையா ஊசித் துளை. துளையைச் சுத்தி மண்ணெண்ணெய்ல கலந்த நீலம் ஊறி, மயில் கழுத்தே நீலமாயிட்டிருந்துது. துளை வழியா நீலத்தைத் தடவி டிசைனைத் துணியில இறக்கியிருக்காங்க.

எனக்கு முதல்ல வந்தது ஆத்திரம். தூக்கி வெளிச்சத்துல பிடிச்சேன். துளை வழியா வெளிச்சம் வந்துது. அப்பதான் கவனிச்சேன். எல்லாக் கோட்டுலயும் துளை இல்ல. நிழலுக்கு நான் போட்ட கோடு, சும்மா அழகுக்குப் போட்ட கோடு எதையும் அந்தப் பையன் தொடவே இல்ல. ஊசி ஓடக்கூடிய கோட்டை மட்டும் பொறுக்கியிருக்கான். மயில் இறகுல நான் நெருக்கமா போட்டிருந்ததுல ஒண்ணு விட்டு ஒண்ணு. ஏன்னு கேட்டேன். "அக்கா, அவ்வளவு கிட்ட கட் பீட்ஸ் மணி உக்காராதுக்கா, ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும்"னான்.

படத்துக்கு மேல காசு ஒண்ணும் குடுக்கல அவங்க. கேட்டதுக்கு "அதான் படத்துக்குக் குடுத்துட்டமே"ன்னாங்க. அந்தப் பையன் மேல எனக்குக் கோபமே வரல. ஆனா அந்தக் கடை வாசப்படி அப்புறம் மிதிக்கல.

கோட்டை மேடு:

தங்கச்சி, அவங்க செஞ்சது சட்டப்படியே தப்பு. 1957 காப்பிரைட் சட்டம் 17ஆம் பிரிவு, வரைஞ்சவர்தான் முதல் உரிமையாளர். உரிமையை மாத்திக் குடுக்கணும்னா 19ஆம் பிரிவுப்படி எழுத்துல, கையெழுத்தோட இருக்கணும். எத்தனை காலம்னு எழுதலன்னா 5 வருஷம்தான் செல்லும். எந்த எல்லைன்னு எழுதலன்னா இந்தியாவுக்குள்ள மட்டும். வாய்ப்பேச்சுல உரிமை கைமாறாது. இனிமே பில்லுலயே, "அச்சில் காட்ட மட்டும், தையலுக்குத் தனிக் கட்டணம், ஒரிஜினல் திருப்பித் தரப்படும்"னு ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்க. படம் அனுப்பும்போது வாட்ஸ்அப்ல முழு சைஸ் அனுப்பாதீங்க. அட்வான்ஸ் பாதி வாங்காம பென்சிலையே எடுக்காதீங்க. டெலிவரி அன்னிக்கு மீதி. ஸ்கேன் ஒண்ணு எப்பவும் உங்ககிட்ட தேதியோட இருக்கட்டும்.

பாகாயம்:

பாதிதான் சொல்லியிருக்கீங்க, மீதிதான் ஆபத்து. அதே 17ஆம் பிரிவுல ஒரு விலக்கு இருக்கு. காசு வாங்கிட்டு அடுத்தவர் கேட்டு வரையற பெயின்டிங்குக்கும் போர்ட்ரெய்ட்டுக்கும், வேற மாதிரி ஒப்பந்தம் இல்லன்னா, கேட்டவர்தான் முதல் உரிமையாளர். கல்யாணப் பொண்ணு முகத்தோட வரைஞ்சு குடுக்கற நாமல்லாம் அதுக்குள்ள வந்துடுவோம். இன்னொண்ணு 15ஆம் பிரிவு. டிசைனா பதிவு பண்ணத் தகுதி இருந்தும் பண்ணாத ஒண்ணை, உரிமையாளரோ அவர் அனுமதியோட வேற ஒருத்தரோ தொழிற்சாலை உற்பத்தி முறையில 50 தடவைக்கு மேல பொருள்ல போட்டுட்டா, அந்த டிசைன்ல காப்பிரைட் முடிஞ்சுது. அதனால "எப்படியும் நமக்குத்தான்"னு தைரியம் சொல்லி யாரையும் சண்டைக்கு அனுப்பாதீங்க. எழுத்துல வாங்கறது மட்டும்தான் வழி, அதுல கோட்டை மேடு சொன்னது நூத்துக்கு நூறு சரி.

வாலாஜா:

நான் மறுபடி கோட்டுக்கே வர்றேன். க்ரூவோ பேரைச் சொல்லி அந்த மேடம் கேட்டது க்ரூவோவே இல்ல. க்ரூவோ பாரிஸ் டிசைனர் டியோரோட உடைகளை வரைஞ்சவர். 1947ல டியோர் கொண்டு வந்த பாவாடையெல்லாம் கெஜக்கணக்குல துணி வச்சு, உள்ள விறைப்புக் குடுத்து நிக்க வச்சது. க்ரூவோ கோடு தடிச்சு, சட்டுனு திரும்பி, முனையில நிக்கும். வழுக்கிட்டு ஓடாது. அவர் ஆயாகிட்ட மாட்டியிருந்தா ரெண்டு பேரும் ஒத்துப் போயிருப்பாங்க. நம்ம பத்திரிகை ஓவியர் மாருதி வரைஞ்ச பட்டுப்புடவைப் பொண்ணுங்களையும் எடுத்துப் பாருங்க, துணிக்கு எடை இருக்கும்.

என் அனுபவம் துணி இல்ல, தோல். மனுஷத் தோல். ரிசப்ஷன் படம், கறுப்பு மை. பொண்ணு மாநிறத்துக்கும் கொஞ்சம் கூட. கழுத்து, கையெல்லாம் நெருக்கமா சாய்கோடு போட்டு நிறம் கொண்டு வந்திருந்தேன். நகையை வெள்ளையா விட்டதால அந்த நிறத்து மேல அப்படி ஜொலிச்சுது. அவங்கம்மா பாத்ததும், "கை மட்டும் கொஞ்சம் துடைச்சிடுங்க சார், கலரா இருக்கட்டும்"னாங்க. மை காய்ஞ்சது, துடைக்க முடியாதும்மான்னேன். "பிளேடுல சுரண்டினா வரும்னு சொன்னாங்களே"ன்னாங்க. பிரிஸ்டல்ல வரும், உண்மைதான். பொண்ணு அதுவரைக்கும் வாயே திறக்கல. நான் பிளேடை எடுக்கறதைப் பாத்துட்டு, தன் முழங்கையைப் படத்துக்குப் பக்கத்துல மேசை மேல வச்சுது. அவ்வளவுதான். பேசல, அம்மாவைப் பாக்கவும் இல்ல. கையை வச்சது வச்சபடி இருந்துது.

நான் சுரண்டல. பேசின தொகையில குறைச்சுத்தான் குடுத்தாங்க. அந்தம்மாவுக்குப் பிடிக்காத படத்தை எங்க மாட்டியிருப்பாங்க, அதை அந்தப் பொண்ணு பாக்குதா இல்லியான்னுதான் இன்னிக்கும் யோசிக்கறேன்.

மைக்கூடு:

வாலாஜா, மனசை என்னமோ பண்ணிடுச்சு. ஆனா பிரஷ்ஷா நிப்பாங்கறதுல நான் மாறல. க்ரூவோ கைக்கு பிரஷ் நிக்கும். நம்ம கைக்கு நிப்தான் நிறுத்தும். வேலப்பாடி ஒரே புடவையை ரெண்டுலயும் போட்டுப் பாக்கட்டும்.

வேலப்பாடி:

ரெண்டுலயும் போட்டுப் பாத்துட்டுதான் வர்றேன் அண்ணா. நிப்புல ஒடிவு நல்லா வருது, ஒத்துக்கறேன். இப்ப சிக்கல் ஜரிகையில. கறுப்பு மையில மட்டும் கரையைக் காட்டணும். கோடு கோடா நிரப்பினா கரை இருட்டாயி புடவை உடல் கலரை விட அழுத்தமா தெரியுது. வெள்ளையா விட்டா பருத்திக் கரை மாதிரி கிடக்குது. ஆம்பூர் அண்ணா சொன்ன மாதிரி துணியில பொய் வேண்டாம்னுதான் பாக்கறேன். யாராவது ஜரிகை போடறவங்க சொல்லுங்க.

ஊசிநூல்:

ஜரிகையை நிரப்பாதீங்க. கொசுவத்துல பாருங்க, ஒவ்வொரு மடிப்புலயும் கரை ஒடிஞ்சு ஒடிஞ்சுதான் வரும். முன்னாடி வர்ற மடிப்புல கரையை முழுசா வெள்ளையா விடுங்க, உள்ள போற மடிப்புல முழுக் கறுப்பு. நடுவுல சாம்பல் வேண்டவே வேண்டாம். ஜரிகை மின்னும் இல்லன்னா இருட்டாகும், பாதியில நிக்காது. கரையும் உடலும் சேர்ற இடத்துல, அதான் கோர்வை, அங்க மட்டும் 005ல பல்லு பல்லா ஒரு வரி போட்டா போதும். அதுக்கு முன்னாடி வீட்டுல இருக்கிற பழைய பட்டுப்புடவை ஒண்ணை ஆணியில மாட்டி, சாயங்காலம் பக்கவாட்டு வெளிச்சத்துல வச்சுப் பாருங்க. டியூப் லைட்டுல பாத்தா எல்லாம் தட்டையாத்தான் தெரியும். போட்டு முடிச்சதும் இங்க போடுங்க, நானும் பாக்கணும்.