ஊர் ஹைஸ்கூல் கிரவுண்டில் பார்த்ததும் பட்டதும்: நெல்லைக்காரர்களின் அனுபவப் பகிர்வு

ராதாபுரம் பக்கத்துக்காரர்:

எங்கள் ஊரில் கிரவுண்டுதான் முதலில் வந்தது, கட்டடமெல்லாம் அப்புறம்தான். நடுநிலைப் பள்ளியை ஹைஸ்கூலாக உயர்த்த வேண்டுமென்றால் ஊர் இடம் காட்ட வேண்டும், பங்குத் தொகையும் கட்ட வேண்டும். குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டுப் பணத்தைத் திரட்டினார்கள். இடம் என்று கொடுத்தது உழவுக்கு ஆகாத தேரி மண், அதாவது செம்மணல். விடலிப் பனைகளை வெட்டி நிரவியதும் கிரவுண்டு தயார். கணுக்கால் புதையும் அந்த மணலில் ஓடிப் பழகிவிட்டு, பாளையங்கோட்டை அண்ணா ஸ்டேடியத்தில் கட்டித் தரையில் கால் வைத்தால் ஓட்டம் தானாக வரும்.

வாலிபால்தான் எங்களுக்கு உயிர். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று ஆளையே தள்ளும். குறுவட்டப் போட்டி எங்கள் ஊரில் நடந்தால் டாஸ் ஜெயித்து சர்வீஸ் கேட்கவே மாட்டோம், பக்கம்தான் கேட்போம். காற்றை எதிர்த்து சர்வீஸ் போட்டால் பந்து வலையைத் தாண்டியதும் பொத்தென்று விழும். டவுன் பையன்கள் காற்றோடு சேர்த்து ஓங்கி அடிப்பார்கள், பந்து உடைமரத்துக்குள் போய்விடும். முள் குத்திப் பஞ்சரான பந்துக்கு யார் காசு கொடுப்பது என்பது தனிச் சண்டை.

பாதிப் பயிற்சி கணக்கு வகுப்பாகப் போய்விடும், அது வேறு வயிற்றெரிச்சல்.

எட்டையபுரம் பக்கத்துப் பெரியவர்:

நான் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. எழுதியவன், 1978இல் பிளஸ் டூ வருவதற்கு முந்தைய ஆள். காமராஜர் 1956இல் மதிய உணவைத் தொடங்கியது எங்கள் எட்டையபுரத்தில்தான். அப்போது அது திருநெல்வேலி மாவட்டம், 1986இல்தான் தூத்துக்குடி பிரிந்தது. அந்தச் சோறு இல்லையென்றால் எங்கள் அண்ணன் அஞ்சாம் வகுப்பைத் தாண்டியிருக்க மாட்டார். விளையாட்டா? தூக்குச்சட்டியோடு ஹைஸ்கூலுக்கு நடந்து போய் வந்ததே போதும் தம்பி.

சேரன்மகாதேவி பக்கத்துக்காரர்:

கையில் கயிறு கட்டும் கதையை யாராவது எழுதுவீர்கள் என்று பார்த்தேன். யாரும் எழுதவில்லை, நானே எழுதுகிறேன். நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் கயிற்றின் நிறத்தைப் பார்த்தே பையன் எந்தச் சாதி என்று சொல்லிவிடலாம். 2019இல் பள்ளிக் கல்வித் துறை இதற்காகவே சுற்றறிக்கை விட்டது. 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டிய பிறகு ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவின் குழு வந்தது. 2024இல் அவர் கொடுத்த அறிக்கையிலும் கயிறு கூடாது என்று இருக்கிறது.

நான் படித்தது இதற்கெல்லாம் வெகு முன்னால். மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கிய கபடி அணியில் ஆடிய நேரம், தெருவுக்குத் தெரு கபடி. எங்கள் பி.டி. சார் ஆட்டத்துக்கு முன் எல்லோரையும் வரிசையாக நிறுத்திக் கையை நீட்டச் சொல்வார். அவர் ஒரு கையில் நகவெட்டி, இன்னொரு கையில் கத்தரிக்கோல். நகம் வெட்டியிருக்க வேண்டும், உடம்பில் எண்ணெய் பூசக் கூடாது, நகைநட்டு எதுவும் போடக் கூடாது என்பது கபடி விதி. கயிற்றையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார். சாதி என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

“கோயில்ல மந்திரிச்சுக் கட்டுனது சார்” என்றான் எங்கள் லெஃப்ட் கார்னர்.

“சரிடே. சாமிய நல்லாக் கும்பிட்டுக்கிட்டு வெளிய ஒக்காரு.”

அன்றைக்கு உட்கார்ந்தான், நாங்களும் தோற்றோம். அடுத்த ஆட்டத்துக்கு வெறுங்கையோடு வந்தான். மணிக்கட்டில் கயிறு இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. ரைடு வருபவனை மடக்க கார்னரும் பக்கத்தில் நிற்பவனும் கையைக் கோத்துச் செயின் போட வேண்டும். பக்கத்தில் நின்றவன் கீழத்தெருக்காரன். அவன் அந்த வெளுத்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டான். அன்றைக்கு அந்தப் பக்கம் ஒரு பயல் உள்ளே வந்து தப்பிப் போகவில்லை.

அதோடு சாதி ஒழிந்தது என்று கதைவிட மாட்டேன். திரும்பும்போது பஸ்ஸில் ஏறியதும் முன் சீட்டு ஒரு கூட்டம், பின் சீட்டு ஒரு கூட்டம். அதற்குச் சாரிடமும் விதி இல்லை.

ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர்:

ராதாபுரத்து அண்ணாச்சியின் வயிற்றெரிச்சல் என் போன்றவர்கள் மேல்தான். பி.டி. பீரியடை நானும் பிடுங்கியிருக்கிறேன், இன்னும் அது சரி என்றே சொல்வேன். இப்போதைய பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளைப் பாருங்கள். செய்முறை வடிவியல் 8, வரைபடம் 8, ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, ஆக 30. கூடவே மூன்று இரண்டு மதிப்பெண் கணக்கு போட்டால் 36, பாஸுக்கு 35 போதும். வட்டத்துக்குத் தொடுகோடு வரையக் கையில் பழக்கம் வேண்டும், அதற்கு நேரம் வேண்டும். அந்த நேரம் எங்கிருந்து வரும்? பத்தில் நின்றுபோன பையனை மறுநாளே லாரி செட்டில் பார்த்திருக்கிறேன். ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன், கிரவுண்டு இருந்ததால்தான் சிலர் பள்ளிக்கூடத்துக்கே வந்தார்கள்.

முக்கூடல் பெண்:

எல்லோரும் பையன்கள் கதையாகவே எழுதுகிறீர்கள். நாங்கள் கோ-கோ ஆடினோம். அம்மா பீடித் தட்டோடு திண்ணையில் இருப்பாள், நான் வீட்டுக்கு வந்து இலை வெட்டிக் கொடுக்க வேண்டும், அதனால் எனக்குச் சாயங்காலப் பயிற்சி கிடையாது, காலையில் மட்டும்தான். இப்போது அக்கா மகள் அதே பள்ளியில் ஆடுகிறாள். சைக்கிள் கொடுத்திருக்கிறார்கள், ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் காலேஜில் மாதம் 1000 ரூபாய் புதுமைப் பெண் பணமும் உண்டு. எனக்கு அதெல்லாம் இல்லை, பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆனால் மேட்சுக்கு உடை மாற்ற அவளும் பழைய லேப் ரூமுக்குள் கதவை ஆள் வைத்துப் பிடித்துக்கொண்டுதான் மாற்றுகிறாள். முன்னாள் மாணவர்கள் சேர்ந்து வாசலில் பெயர் பொறித்த வளைவு கட்டப்போகிறார்களாம். வசூலுக்கு வருகிற அண்ணன்மார் முதலில் அந்த ரூமுக்கு ஒரு தாழ்ப்பாள் போடட்டும், பிறகு பணம் தருகிறேன்.