புதுப்பிப்பு: வார்த்தை வராத செபம்
அப்பா இறந்த பிறகு செபிக்க உட்கார்ந்தால் ஒரு சொல்லும் வருவதில்லை என்று 3 மாதங்களுக்கு முன் இங்கே எழுதியிருந்தேன். விவிலியத்தில் பிள்ளையில்லாத வேதனையோடு ஆலயத்தில் செபிக்கும் அன்னாவைப் படியுங்கள் என்று ஒருவர் சொன்னார். படித்தேன். 1 சாமுவேல் 1:13-இல் அவள் உதடுகள் மட்டுமே அசைகின்றன, குரல் கேட்கவில்லை. ஆலயக் குருவான ஏலியோ அவள் குடித்திருப்பதாக நினைத்துவிடுகிறார். பாவம், எவ்வளவு வலித்திருக்கும்! எப்படி வேண்டுவதென்று அறியாத நமக்காகத் தூய ஆவியாரே பெருமூச்சுகளோடு பரிந்து பேசுகிறார் என்னும் உரோமையர் 8:26 இன்னும் நெருங்கி வந்தது.

இப்போது மாலைகளில் முட்டம் கடற்கரைப் பாறைமேல் அப்பாவின் செபமாலையோடு உட்காருகிறேன். 'அருள்நிறை மரியே' செபத்துக்கான 53 மணிகள்; அவர் விரல்பட்டுத் தேய்ந்து வழுவழுப்பானவை. ஒன்றும் சொல்லாமல் ஒவ்வொன்றாக நகர்த்துகிறேன். நேற்று நடுவில் ஒரு மணியில் விரல் நின்றது. "ஆண்டவரே" என்று மட்டும் வந்தது. இருட்டும்வரை அழுதேன்.