பெரியவீட்டுச் சொந்தங்கள் (வாட்ஸ்அப் குழு)

ஞாயிறு

காலை 7:12
தங்கராஜ் சித்தப்பா (குலசேகரம்): *வந்த செய்தியை அப்படியே அனுப்புகிறேன்* 21 நாளில் வாழ்க்கை மாறும்! அதிகாலையில் எழுதல், வெந்நீர், தியானம், நாட்குறிப்பு, நடை, மூச்சுப் பயிற்சி... மொத்தம் 12 பழக்கங்கள். படித்துவிட்டுப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.

7:15
அஜிதா: சித்தப்பா, பன்னிரண்டையும் செய்து முடிப்பதற்குள் உச்சிப்பொழுது ஆகிவிடும். வேலைக்கு எப்போது உட்காருவது என்றும் அதில் போட்டிருக்கிறார்களா?

7:16
தங்கராஜ் சித்தப்பா: உனக்காகத்தான் அனுப்பினேன் மக்களே. ஒரு வேலையிலும் மனம் நிற்கவில்லை என்று போன வாரம் நீதானே புலம்பினாய்?

7:24
அஜிதா: நிற்கவில்லைதான். வீட்டிலிருந்தே வேலை என்றதும் நாகர்கோவிலில் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தேன். கணக்கில் ஒரு வரியைச் சரிபார்த்துக்கொண்டிருப்பேன். போன் சத்தம் போடும். பார்த்தால் வடசேரிச் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு என்ன விலை என்று இந்தக் குழுவில் யாரோ கேட்டிருப்பார்கள். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் எந்த வரியில் விட்டேன் என்று தெரியாது. மறுபடியும் மேலிருந்து தொடங்க வேண்டும்.

7:25
ராஜு அண்ணன்: கிழங்கு விலை கேட்டது நான். இன்னும் யாரும் சொல்லவில்லை.

7:31
விஜயா அத்தை: அஜிதா சொல்வது நியாயம். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் இதைப் பற்றியே எழுதினார். ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவினால், நம் கவனத்தில் ஒரு பங்கு பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது. வகுப்பில் பார்த்திருக்கிறேன். கணக்குப் பாடத்தின் நடுவில் யாராவது சுற்றறிக்கை கொண்டுவந்தால் போதும், அந்த மணி நேரம் போனதுதான். பிள்ளைகளைச் சொல்லவில்லை, எனக்கே ஓடாது.

7:38
சஜின் (மஸ்கட்): அப்பா, அந்த 21 நாள் கணக்கே சரியில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவர் குழுவாகச் செய்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. ஒரு பழக்கம் தன்னால் நடக்கும் அளவுக்கு ஊறுவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள்கூட ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் குடி முழுகிவிடாது என்பதும் அதிலேயே இருக்கிறது.

7:52
தங்கராஜ் சித்தப்பா: இதற்கு லண்டன் எதற்கடா? ரப்பர் வெட்டுகிறவனைக் கேட்டால் சொல்வான். வெயில் ஏறுமுன் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம், அப்போது வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். அதனால் இருட்டிலேயே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்குகிறோம். பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். பால் கூடுதலாக வரட்டும் என்று ஆசைப்பட்டு ஆழமாக இறக்கினால் கத்தி தடியில் பட்டுவிடும். அந்த இடத்தில் பட்டை முண்டுமுடிச்சாகத்தான் வளரும், பிறகு அங்கே வெட்டவே முடியாது. இன்று வெட்டிய மரத்துக்கு நாளை ஓய்வு. மழை பிடித்தால் வெட்டு இல்லை. அதற்காகக் கத்தியைத் தூக்கி எறிந்துவிடுவோமா? வெறித்ததும் மறுபடி போகிறோம்.

7:54
அஜிதா: நீங்கள் அனுப்பிய 12 பழக்கத்தைவிட இது நன்றாக இருக்கிறது சித்தப்பா.

7:59
ராஜு அண்ணன்: அவ்வளவு கஷ்டம் வேண்டாம். விவேகானந்தர் 1892 டிசம்பரில் கன்னியாகுமரிப் பாறையில் மூன்று நாள் தியானம் இருந்தார். அஜிதாவும் போய் உட்காரட்டும், தெளிவு கிடைக்கும்.

8:01
விஜயா அத்தை: அவர் போன நாளில் படகு டிக்கெட்டுக்கு வரிசை இல்லை ராஜு. கண்ணாடிப் பாலம் வந்த பிறகு கூட்டத்தைப் பார்த்தாயா? தியான மண்டபத்துக்குள் போய்விட்டால் அமைதிதான், மறுக்கவில்லை. அங்கே போய்ச் சேர்வதற்குள் இருக்கிற பொறுமையும் போய்விடும்.

8:20
லீலா மைனி: இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்று சொல்லட்டுமா? அதிகாலை எழுதல் முதலாவது பழக்கமாம். நான் கல்யாணம் ஆன நாள் முதல் ஐந்து மணிக்கு முன்பே எழுந்துகொண்டுதான் இருக்கிறேன். எனக்கு ஏன் இன்னும் தெளிவு வரவில்லை? ஒருவர் கண்ணை மூடி உட்கார்ந்தால் இன்னொருவர் பால் பொங்காமல் பார்க்க வேண்டும். இந்த வீட்டில் அந்த இன்னொருவர் எப்போதும் நான்தான். போன மாதம் உங்கள் அண்ணன் தியானம் தொடங்கினார். அவர் இருந்த இருபது நிமிடமும் நான் பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அவருக்கு மனம் அடங்கியது, எனக்கு மூச்சு முட்டியது.

8:21
சஜின்: 😂😂

8:22
விஜயா அத்தை: சிரிக்காதே சஜின். லீலா சரியாகச் சொல்கிறாள். பழக்கத்தைத் தனி ஆளின் வைராக்கியம் என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். வீட்டில் யார் இடம் விட்டுக் கொடுப்பது என்று யாரும் எழுதுவதில்லை.

8:30
அஜிதா: மைனி, என் கதையும் அதுதான். 80களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்துப் படித்தார். 25 நிமிடம் ஒரே வேலை, பிறகு சின்ன இடைவேளை. நானும் செய்து பார்த்தேன். பதினைந்தாவது நிமிடம் மீன்காரர் மணி அடிப்பார். சாளையா அயலையா என்று வாசலுக்குப் போய்ப் பார்க்க வேண்டியது நான்.

8:33
லீலா மைனி: எனக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். காலையில் அரை மணி நேரம் போதும். யாரும் கூப்பிடக் கூடாது. தென்னைமூட்டில் நாற்காலியைப் போட்டு உட்காருவேன். தியானமும் வேண்டாம், நாட்குறிப்பும் வேண்டாம். சும்மா இருப்பேன்.

8:40
அஜிதா: அப்படியானால் ஒரு ஏற்பாடு. காலை 9 முதல் 11 வரை என் போன் அடுத்த அறையில் இருக்கும். அவசரம் என்றால் அண்ணன் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். மற்றவர்கள் இந்தக் குழுவை 8 மணி நேரம் ஒலியடக்கி வைக்கலாம். வைத்தாலும் யாருக்கும் தெரியாது.

8:41
தங்கராஜ் சித்தப்பா: தெரியாதா? அப்படியென்றால் இதுவரை எத்தனை பேர் ஒலியடக்கி வைத்திருக்கிறீர்கள்?

8:53
தங்கராஜ் சித்தப்பா: ஏன் யாரும் பேசவில்லை?

8:54
சஜின்: இங்கே நெட் சரியில்லை அப்பா.

8:58
விஜயா அத்தை: மீன்காரர் வந்தால் ராஜு பார்க்கட்டும். ஞாயிறு மட்டுமல்ல, தினமும். அவனுக்குக் கடை பத்தரைக்குத்தானே?

9:06
ராஜு அண்ணன்: சரி. மீன் நான் பார்க்கிறேன். காலைக் காப்பியும் நாளை முதல் நானே போடுகிறேன். லீலா ஐந்தரை முதல் ஆறு வரை தென்னைமூட்டில் இருக்கலாம்.

9:07
லீலா மைனி: காப்பி போட்ட பாத்திரத்தையும் கழுவினால்தான் கணக்கு.

9:09
ராஜு அண்ணன்: கழுவுகிறேன்.

9:10
விஜயா அத்தை: இதை யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

திங்கள்

காலை 5:41
ராஜு அண்ணன்: லீலா, கருப்பட்டி எந்த டப்பாவில் இருக்கிறது?

5:43
ராஜு அண்ணன்: லீலா?

5:44
தங்கராஜ் சித்தப்பா: நான் தோட்டத்தில் நிற்கிறேன், எனக்கு எப்படித் தெரியும்? அவளைக் கூப்பிடாதே. ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்.