ஈடு உள்ள கப்பலை வாங்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். சித்தப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் இலங்கைக் கொடியில் ஓடும் பழைய சரக்குக் கப்பல் ஒன்றை வாங்கப் பார்க்கிறார்கள், அதன்மேல் வங்கி ஈடு, அதாவது கடனுக்கான அடமானம், இருக்கிறதென்று தரகர் இப்போதுதான் வாய் திறக்கிறார். பதிவான ஈடு கப்பல் கைமாறினாலும் கூடவே வரும், அது தெரியும். எனக்குப் பெரிய பயம் மாலுமிகளின் சம்பளப் பாக்கிதான், ஏனென்றால் அது பதிவேட்டில் இருக்காது, ஆனால் வங்கிக்கும் முன்னால் வந்து நிற்கும், வழக்குப் போட்டால் கொழும்பு மேல் நீதிமன்றம் கப்பலையே தடுத்து வைக்கலாம்.

வணிகக் கப்பல் செயலகத்தில் பதிவேட்டைப் பார்க்க வாங்குபவரே போகலாமா? ஈடு தீர்ந்தது பதிவாகும்வரை காசைச் சட்டத்தரணியிடம் வைப்பது வழக்கமா? சரி, முக்கியமானது: கொழும்பில் கப்பல் வழக்குகள் பார்க்கும், தமிழில் விளக்கக்கூடிய சட்டத்தரணி யாராவது? முற்பணம் கேட்டு நெருக்குகிறார்கள், தயவுசெய்து உள்பெட்டிக்கு வாருங்கள்.