ப்ரன்டன் பார்க்கில் இரண்டாவது சிலை யாருக்கு?

வாரிக்ரோடு:
நம் கார்லைல் யுனைடெட் கால்பந்து அணியின் ப்ரன்டன் பார்க் மைதானத்து வாசலில் பழைய கோல் வீரர் ஹ்யூ மெக்கில்மாய்ல் சிலையாக நிற்கிறார். தகுதியான ஆள்தான், சண்டை இல்லை. பக்கத்தில் இன்னொரு சிலைக்கு இடம் கொடுத்தால் யாரை நிறுத்துவீர்கள்? என் ஓட்டு ஜிம்மி கிளாஸுக்கு.

இங்கே புதிதாக வந்தவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1998-99 சீசன். நான்காம் டிவிஷனில் கடைசி இடம் பிடிக்கிற அணி லீக்கை விட்டே வெளியே போக வேண்டும். நம் கோல்கீப்பர் டோனி கெய்கை மார்ச்சில் விற்றாயிற்று. லோனில், அதாவது இரவலாக, வந்த ரிச்சர்ட் நைட்டை டெர்பி அணி திரும்ப அழைத்துக்கொண்டது. வீரர்களை வாங்கும் கெடுவும் முடிந்துவிட்டது. சிறப்பு அனுமதி வாங்கி, ஸ்விண்டனிலிருந்து கிளாஸை லோனில் கொண்டுவந்தார்கள். அவர் ஆடியது மூன்றே ஆட்டம்.

மூன்றாவது ஆட்டம் மே 8. ப்ளிமத்துடன் 1-1. டிரா போதாது. அங்கே, நம்மோடு வெளியேறும் ஆபத்தில் இருந்த ஸ்கார்பரோ தன் ஆட்டத்தை 1-1 என்று முடித்து, தப்பித்துவிட்டதாகக் கொண்டாடிக்கொண்டிருந்தது. இங்கே கூடுதல் நேரமும் தீரப்போகிறது. கடைசி கார்னர். நம் கோல்கீப்பர் கோலை விட்டுவிட்டு ஓடி வருகிறார். ஸ்காட் டாபி தலையால் முட்டிய பந்தை ப்ளிமத் கீப்பர் தட்டிவிட, அது நேராகக் கிளாஸ் காலடியில். கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன், இடது காலால் ஓங்கி ஒரே அடி. 2-1.

அவர் இல்லையென்றால் அன்றைக்கே நம் கதை முடிந்திருக்கும். வேறு பெயர் சொல்பவர்கள் அதற்குப் பதில் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள்.

கணக்கன்:
முதலில் ஒரு திருத்தம். வலது கால். காணொளியைப் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, அந்த ஆட்டத்தில் ப்ளிமத்தான் முதலில் கோல் போட்டது. அதைச் சமன் செய்தவர் டேவிட் ப்ரைட்வெல். அந்த கோல் விழாமல் இருந்திருந்தால் கிளாஸ் அடித்ததற்கு மதிப்பு 1-1 மட்டுமே. கீழே போயிருப்போம். ப்ரைட்வெல்லுக்குச் சிலை கேட்டு எவனாவது வந்திருக்கிறானா? கல்யாணத்தில் தாலி கட்டுகிற நொடியை மட்டும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, சமைத்தவனை மறந்துபோகிற பழக்கம் நமக்கு.

மெக்கில்மாய்லுக்குச் சிலை ஏன் என்பதற்கு என்னிடம் எண் இருக்கிறது. 1963-64-ல், நான்காம் டிவிஷனில், லீக்கில் மட்டும் 39 கோல். அந்த சீசனில் அணி மொத்தம் போட்டது 113, வாங்கியது 58. புள்ளி 60. ஆனால் பட்டம் போனது ஜில்லிங்கமுக்கு, அவர்களுக்கும் 60 புள்ளிதான். அவர்கள் போட்டது 59, வாங்கியது 30. புள்ளி சமமானால் அந்தக் காலத்தில் போட்ட கோலிலிருந்து வாங்கியதைக் கழித்துப் பார்க்க மாட்டார்கள், வகுத்துப் பார்ப்பார்கள். 59-ஐ 30-ஆல் வகுத்தால் 1.97. 113-ஐ 58-ஆல் வகுத்தால் 1.95. நம்மைவிட 54 கோல் குறைவாகப் போட்ட அணி சாம்பியன்! இன்றைய முறைப்படி கழித்தால் நமக்கு 55, அவர்களுக்கு 29.

அடுத்த வருடமே மூன்றாம் டிவிஷனை ஜெயித்து மேலே போனோம். சிலை என்றால் அதற்குப் பின்னால் இப்படி ஒரு சீசனாவது இருக்க வேண்டும். மூன்று ஆட்டம் ஆடிய விருந்தாளிக்கு ஒரு நல்ல சாப்பாடு போட்டு அனுப்பலாம்.

பேடக் பெரியவர்:
விருந்தாளி என்ற சொல் பிடித்திருந்தது. நான் இந்த ஊருக்கு ஜூனியர் டாக்டராக வந்தது 1973-ல். ஆறு மாதம் இருந்துவிட்டு லண்டன் பக்கம் போய்விடலாம் என்று பெட்டியைக்கூட முழுதாகப் பிரிக்கவில்லை. அடுத்த ஆகஸ்டில் நடந்ததைப் பார்த்த பிறகு பெட்டியைப் பிரித்துவிட்டேன்.

1974-ல் முதல் டிவிஷனுக்குப் போனோம். முதல் ஆட்டம் செல்சி மைதானத்தில், 2-0. அடுத்து மிடில்ஸ்ப்ரோவில், 2-0. மூன்றாவது ப்ரன்டன் பார்க்கில் டாட்டனமோடு. 1-0, கிறிஸ் பால்டர்ஸ்டோன் பெனால்டி. மூன்று ஆட்டம் முடிந்ததும் பட்டியலைப் பார்த்தால் இங்கிலாந்து முழுவதற்கும் உச்சியில் கார்லைல். ஸ்காட்லாந்து எல்லையோரத்துச் சின்ன ஊர், பிஸ்கட் ஃபாக்டரியும் ரயிலும்தான் எங்கள் அடையாளம். அன்றைக்கு மாலை வார்டில் நோயாளிகள் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய அளவுக்கு நான் அழுதிருக்கிறேன்.

சீசன் முடிவில் 22-வது இடம், அதாவது கடைசி. அதையும் சொல்லிவிடுகிறேன், கணக்கன் சொல்வதற்கு முன்னால். ஆனால் எவர்ட்டனை இரண்டு முறையும் தோற்கடித்துவிட்டுத்தான் இறங்கினோம்.

என் ஓட்டு பால்டர்ஸ்டோனுக்கு. 1965-லிருந்து பத்து வருடம் நடுக்களத்தில். அவசரம் என்பதே தெரியாத மனிதர். எல்லாரும் மூச்சு வாங்க ஓடுவார்கள், இவர் மட்டும் மாலை நடைக்கு வந்தவர் மாதிரி பந்தை இங்கிருந்து அங்கே அனுப்பிவிட்டு நிற்பார். கிரிக்கெட் பிரியர்களுக்கு வேறு மாதிரித் தெரிந்திருக்கும். லெஸ்டர்ஷயர் பேட்ஸ்மேன், 1976-ல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக இரண்டு டெஸ்ட். நம்மை விட்டுப் போன பிறகு 1975 செப்டம்பர் 15-ல் அவர் செய்ததைக் கேளுங்கள். பகலில் செஸ்டர்ஃபீல்டில் டெர்பிஷயருக்கு எதிராக 51 நாட் அவுட். மாலையில் காரில் போய் டான்காஸ்டருக்காக ப்ரென்ட்ஃபோர்டுடன் கால்பந்து. மறுநாள் காலை திரும்பி வந்து சதம். லெஸ்டர்ஷயருக்கு முதல் கவுன்டி பட்டம். இப்போதைய பையன்களுக்கு ஒரு வாரத்தில் இரண்டு ஆட்டம் வந்தால் தொடை இழுக்கிறது.

கணக்கன்:
ஐயா, ஓவல் டெஸ்டில் இரண்டு இன்னிங்ஸிலும் ஹோல்டிங் பந்தில் போல்டு, இரண்டும் டக். முழுமைக்காகச் சொன்னேன்.

பேடக் பெரியவர்:
அந்த டெஸ்டில் ஹோல்டிங் 14 விக்கெட் எடுத்தார். நீர் போய் நின்றிருந்தால் தெரியும்.

ஈடன்கரை:
எல்லாரும் கறுப்பு வெள்ளைப் படத்திலேயே இருக்கிறீர்கள். நான் கார்லைலில் பிறந்தவள், எனக்கு 1999-ல் நான்கு வயது. கிளாஸ் கதையைத் தூங்க வைக்கச் சொல்லும் கதை மாதிரிக் கேட்டு வளர்ந்தேன். கொஞ்சம் பெரியவளானதும் ஒரு சந்தேகம் வந்தது. அவர் நம்மை லீக்கில் காப்பாற்றினார், சரி. எத்தனை வருடத்துக்கு? ஐந்து. 2004-ல் விழுந்துவிட்டோம். 1928-லிருந்து இருந்த இடம் போனது.

அப்போது யார் இருந்தார்? பீட்டர் மர்ஃபி. டப்ளின்காரர், 2001-ல் வந்தார். அணி விழுந்தபோது விட்டுவிட்டு ஓடவில்லை. 2005 ப்ளே-ஆஃப் இறுதி, ஸ்டோக் மைதானம், எதிரே ஸ்டீவனேஜ். 1-0. கோல் மர்ஃபி. மறுபடியும் லீக்குக்கு வந்தோம். அடுத்த வருடம் சாம்பியனாகி இன்னும் ஒரு படி மேலே. அப்புறம் 2011-ல் வெம்ப்ளி, ஃபுட்பால் லீக் டிராஃபி, ப்ரென்ட்ஃபோர்டு. 1-0. அந்த கோலும் மர்ஃபிதான்! 2013 வரை இருந்தார். டிஃபென்ஸில் நிற்கச் சொன்னால் நின்றார், நடுக்களத்துக்குப் போகச் சொன்னால் போனார்.

ஒருவர் அடித்த ஒரு கோலைப் பற்றி உலகமே பேசுகிறது. இன்னொருவர் நம் இரண்டு இறுதி ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்துவிட்டுப் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தார். அவருக்கு இந்த இழையில் ஓட்டுப் போட நான் ஒருத்தி வர வேண்டியிருக்கிறது. கோல்கீப்பர் கோல் போட்டால் வேடிக்கை. டிஃபெண்டர் போட்டால் சம்பளத்துக்கான வேலை. அவ்வளவுதானே வித்தியாசம்?

வாரிக்ரோடு:
தங்கச்சி, மர்ஃபியைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் "ஐந்து வருடம்தான்" என்கிறாயே, அங்கேதான் தப்பு.

1999-ல் லீக்குக்குக் கீழே இருந்த கான்ஃபரன்ஸிலிருந்து மேலே வர ஒரே ஒரு கதவு. சாம்பியன் மட்டும் வரலாம். ப்ளே-ஆஃப் என்ற இரண்டாவது கதவு திறந்தது 2003-ல். 2005-ல் நாம் எத்தனாவது இடம்? மூன்றாவது! பார்னெட் சாம்பியன், ஹெரஃபோர்டு இரண்டாவது. பழைய விதி இருந்திருந்தால் மர்ஃபி அடித்த அந்த ஆட்டமே நடந்திருக்காது. நாம் 1999-ல் விழாமல் 2004-ல் விழுந்தது பெரிய அதிர்ஷ்டம். அந்த ஐந்து வருடத்தை வாங்கிக் கொடுத்தவர் கிளாஸ்.

நமக்குப் பதிலாக இறங்கிய ஸ்கார்பரோ திரும்பி வரவே இல்லை. 2007-ல் அந்த கிளப்பையே மூடிவிட்டார்கள்.

ஈடன்கரை:
அந்த விதி விஷயம் எனக்குத் தோன்றவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓட்டை மாற்றவில்லை. திறந்த கதவு வழியாக யாராவது நடந்து வர வேண்டும் அல்லவா?

ப்ளிமத் பாண்டி:
எதிரி முகாமிலிருந்து ஒருவன் பேசலாமா? 1999-ல் நான் ப்ளிமத்தில் மாணவன். நண்பன் ஒருவன் பேச்சைக் கேட்டு அந்த ஆட்டத்துக்குப் பஸ்ஸில் வந்தேன். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலிருந்து வடமேற்கு மூலைக்கு, கிட்டத்தட்ட 400 மைல். எங்கள் அணிக்கு அந்த ஆட்டத்தில் ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான். கடைசி ஆட்டம், வெயில், கொஞ்சம் பாட்டு, கொஞ்சம் பீர். அவ்வளவு எதிர்பார்ப்பு.

ஆனால் எழுபதாவது நிமிடத்துக்குமேல் எங்கள் பக்கத்தில் யாரும் பாடவில்லை. சுற்றி இருந்த உங்கள் ஊர்க்காரர்களின் முகத்தைப் பார்த்தால் பாட வராது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி இருந்தார்கள். அந்த பந்து உள்ளே போனதும் என் நண்பன், பரம்பரை ப்ளிமத் ஆர்கைல் ரசிகன், கைதட்டினான். அதற்காக அவனை இன்றுவரை பஸ்ஸில் வந்தவர்கள் கிண்டல் செய்கிறார்கள்.

என்னைக் கேட்டால் கிளாஸுக்குச் சிலை வேண்டாம். அந்த ஆள் 27 வயதிலேயே தொழில்முறைக் கால்பந்தை விட்டார், பிறகு டாக்ஸி ஓட்டினார். அதில் ஒரு அழகு இருக்கிறது. கல்லில் செதுக்கி நிறுத்தினால் அது போய்விடும்.

வாரிக்ரோடு:
பாண்டி, அழகு என்று நீங்கள் சொல்வது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. அந்த கோலை அடித்த காலணிகள் அருங்காட்சியகத்துக்குப் போயின, ஆள் டாக்ஸி ஓட்டப் போனார்.

பேடக் பெரியவர்:
ஐவர் ப்ராடிஸைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. 1946-ல் 23 வயதில் நம் ஆட்டக்காரரும் அவரே, மேனேஜரும் அவரே. 1949-ல் தன்னைத்தானே சண்டர்லாந்துக்கு 18,000 பவுண்டுக்கு விற்றார். அப்புறம் இங்கிலாந்துக்கு 14 ஆட்டம், 1954 உலகக் கோப்பையில் பெல்ஜியத்துக்கு எதிராக இரண்டு கோல். 1955-ல் திரும்பி இங்கேயே வந்தார். ஆடி முடித்த பிறகு செய்தியாளராகப் பல வருடம் எழுதினார். 2019-ல், 96 வயதில் காலமானார். அவர் லண்டன்காரர். போரின்போது விமானப்படைக்காக இந்தப் பக்கம் வந்தவர். அவரும் விருந்தாளிதான், கணக்கன்.

கணக்கன்:
அந்த 18,000 நம் கிளப்புக்கு நல்ல காசு. விற்றவரும் விலைபோனவரும் ஒருவரே என்பதால் பேரம் சுலபமாக முடிந்திருக்கும். ப்ராடிஸ் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. பியர்ட்ஸ்லி, ஸ்டான் போல்ஸ் என்று யாராவது ஆரம்பித்தால்தான் இழையை விட்டுப் போய்விடுவேன். பெரிய பெயர்கள்தான், ஆனால் அவர்கள் நம்மிடம் பஸ் மாறினார்கள், அவ்வளவுதான்.

ஈடன்கரை:
ரோரி டெலாப், மாட் ஜான்சென்? வளர்ந்ததே இங்கேதானே.

கணக்கன்:
வளர்ந்தார்கள். 1998-ல் இரண்டு பேரையும் விற்றோம். அடுத்த வருடம் கோல் போட ஒரு கோல்கீப்பர் தேவைப்பட்டார்.

ப்ளிமத் பாண்டி:
கேட்க நினைத்து மறந்த ஒன்று. வாரிக்ரோடு, "கண்ணால் பார்த்தவன்" என்று எழுதிவிட்டு இடது கால் என்கிறீர்களே, எப்படி? எங்கள் பக்கத்திலிருந்து பார்த்த எனக்கே வலது கால் தெரிந்தது.

வாரிக்ரோடு:
இருபத்தைந்து வருடத்துக்குமேல் இதை யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு வருடம் முன்புவரை மனைவிக்கும் தெரியாது.

90 நிமிடம் முடிந்ததும் நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அதைப் பார்க்க மனசு இடம் கொடுக்கவில்லை. காரை நோக்கி நடந்துகொண்டிருந்தபோது பின்னால் ஒரு சத்தம். கோல் சத்தம் எனக்குத் தெரியும். இது அது மாதிரி இல்லை. ஏதோ இடிந்து விழுந்ததென்றே நினைத்தேன். திரும்பி ஓடினேன், உள்ளே போவதற்குள் எல்லாரும் மைதானத்துக்குள் இருந்தார்கள். யாரோ ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்து "கோல்கீப்பர், கோல்கீப்பர்" என்றார். கீப்பருக்கு அடிபட்டுவிட்டதென்று நினைத்துவிட்டேன்.

இத்தனை வருடம் இங்கே எழுதுகிறேன், ஏன் இந்தப் பெயர் என்று யாரும் கேட்டதில்லை. வாரிக் ரோடில்தான் நின்றிருந்தேன்.

பேடக் பெரியவர்:
தம்பி, எந்தப் பக்கமாக நடந்தாய்? ஊருக்குள் போகிற பக்கமா, மோட்டார்வே பக்கமா?

வாரிக்ரோடு:
மோட்டார்வே பக்கம். ஏன் ஐயா?

பேடக் பெரியவர்:
நான் ஊர்ப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். இல்லையென்றால் பார்த்திருப்போம்.

கணக்கன்:
நான் அன்று துபாயில் வேலையில் இருந்தேன். ஈடன்கரைக்கு வயது நான்கு. ஆக இந்த இழையில் அந்த கோலை நேரில் பார்த்த ஒரே ஆள் ப்ளிமத் ரசிகர்.