மெதுவாகப் போனால்தான் மெலடியா?

வயலின்வாசு: "மெதுவாகப் போனால்தான் மெலடி, வேகமெடுத்தால் வெறும் தாளம்" என்று நேற்று ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் தீரவில்லை. கர்நாடக இசையில் தோடி ராக வர்ணம் என்ற பாடலை முதல் காலத்தில், அதாவது நிதான வேகத்தில், பாடிவிட்டு அதையே இரண்டாம் காலத்தில் இரட்டை வேகத்தில் பாடுகிறோமே, அப்போது மெட்டு எழுந்து வெளியே போய்விடுகிறதா?

பழையகேசட்: எழுதியவன் நான்தான். கேசட் கடையில் மெலடி கேட்டால் குத்துப் பாட்டையா எடுத்துக் கொடுத்தார்கள்? ஊரே ஒரு பொருளில் சொல்லும் சொல்லுக்கு நீங்கள் வர்ணத்தைக் காட்டி மிரட்டுகிறீர்கள்.

வயலின்வாசு: கடைக்காரர் பிரித்து வைத்தது விற்பதற்கு. இரண்டாம் காலத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

தவில்வீடு: வாசு சார், இரண்டாம் காலத்தில் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது, சுருங்கும். முதல் காலத்தில் தோடியின் காந்தார ஸ்வரத்தை அசைக்கிற அளவுக்கு அங்கே இடமே இல்லை. அப்புறம் அதே மெட்டு என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

வயலின்வாசு: சுருங்கினாலும் கேட்டவுடன் அதே வர்ணம் என்று தெரிகிறதா இல்லையா?

கீபோர்டுராணி: அசைவு இல்லாவிட்டால் மெட்டே இல்லையா? ஆங்கிலேயர்களின் ராஜ வாழ்த்து மெட்டுக்குத்தான் கர்நாடக இசை மேதை முத்துசுவாமி தீட்சிதர் 'சந்ததம் பாஹிமாம்' என்று நோட்டுஸ்வரம், அதாவது மேற்கத்திய மெட்டில் ஒரு பாட்டு, செய்தார். சமஸ்கிருதச் சொற்கள் வந்தன, மெட்டு அப்படியே இருக்கிறது. அதில் எங்கே ஐயா தோடி அசைவு?

தவில்வீடு: கீபோர்டு, ஆர்மோனியம் என்று அசைவு வராத கட்டைக் கருவி வாசிப்பவர்கள் இதைத்தான் சொல்வீர்கள். 1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை ஏன் விலக்கியது என்று படித்துவிட்டு வாருங்கள்.

கீபோர்டுராணி: 1971-இல் ஏன் திரும்பச் சேர்த்தார்கள் என்று நீங்கள் படியுங்கள். நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா பாடும்போது அவர் அண்ணன் காசி ஐயர் வாசித்தது ஆர்மோனியம்தான். எங்கள் தாத்தாவும் நாடக மேடையில் ஆர்மோனியம் வாசித்தவர், அந்த வாத்தியத்தைப் பழித்தால் சும்மா இருக்க மாட்டேன்.

வயலின்வாசு: ஆர்மோனியத்துக்கு வேறு திரி தொடங்குங்கள். இரண்டாம் காலத்துக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பழையகேசட்: போன மாதம் தாலாட்டு பற்றி நான் எழுதியபோதும் இப்படித்தான் ஒரே கேள்வியைப் பத்து தடவை போட்டு என் வாயை அடைத்தீர்கள். அதை நான் மறக்கவில்லை. எனக்கு மெலடி என்றால் ராத்திரி கண்ணை மூடிக்கொண்டு கேட்கிற பாட்டு, அவ்வளவுதான்.

வயலின்வாசு: சரி, ராத்திரி கண்ணை மூடிக்கொண்டு அந்த வர்ணத்தை இரண்டாம் காலத்தில் கேளுங்கள். மெட்டு இருக்கிறதா, இல்லையா?

தவில்வீடு: கமகம் இல்லை.

வயலின்வாசு: நான் கேட்டது மெட்டு.