மூலிகையும் சர்க்கரை நோயும்: நம் பக்கத்து அனுபவங்கள்

பாலக்கோட்டிலிருந்து, மருந்துக்கடை நடத்துபவர்:

சர்க்கரை மாத்திரை வாங்க வருபவர்களில் பலர், வீட்டில் எந்தப் பொடியைச் சேர்த்து உட்கொள்கிறார்கள் என்பதையும் என்னிடம் சொல்வதுண்டு. நாவல்கொட்டைப் பொடி, மாவிலைக் கஷாயம், நெல்லிச்சாறு என எதுவாக இருந்தாலும், “அதில் ஆன்டி ஆக்ஸிடன்ட் இருக்கிறதாம்” என்ற ஒரே காரணம்தான் இப்போது சொல்லப்படுகிறது. அந்தக் காரணத்தில்தான் எனக்கு ஐயம்.

இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது உயிரணுக்களைச் சிதைக்கும் ஆக்சிஜனேற்ற அழுத்தம் கூடி, இரத்தக் குழாய், சிறுநீரகம், விழித்திரை ஆகியவை பாதிக்கப்படுகின்றன என்பது உண்மையே. ஆனால் அதைத் தடுக்கும் பொருளான ஆன்டி ஆக்ஸிடன்டைக் கொடுத்தாலே போதும் என்பது நிறுவப்படவில்லை. 2000ஆம் ஆண்டில் வெளியான ஹோப் என்ற மருத்துவ ஆய்வில், இதயநோய் வாய்ப்பு மிகுந்த 9,000க்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டனர்; அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோர் சர்க்கரை நோயாளிகள். ஒரு சாராருக்கு நாள்தோறும் ஆன்டி ஆக்ஸிடன்டான வைட்டமின் ஈ 400 அலகு, மற்றொரு சாராருக்கு வெற்று மாத்திரை என நான்கு ஆண்டுகளுக்கும் மேல் கொடுத்துப் பார்த்தும், மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை.

கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையுடன் கஷாயமும் குடித்துவந்த ஒரு விவசாயி, காலை உணவைத் தவிர்த்த நாளில் உடல் வியர்த்து, கை நடுங்க என் கடைக்கு வந்தார். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து மருத்துவமனைக்கு அனுப்பினோம். காரணம் கஷாயமா, பட்டினியா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆயினும் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோடு அளவு தெரியாத இன்னொன்றைச் சேர்ப்பவர், அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

தேன்கனிக்கோட்டையிலிருந்து, ஆசிரியை:

அண்ணா, எனக்கு வாய்த்த அனுபவம் வேறு வகையானது. மலைக்கிராமத்துப் பெரியவர் ஒருவர் சிறுகுறிஞ்சான் இலையைப் பறித்துக் கொடுத்து மெல்லச் சொன்னார். அதன்பின் வெல்லத்தை வாயிலிட்டால் மணலைப்போல் இருந்தது. புளியும் உப்பும் மட்டும் வழக்கம்போல் தெரிந்தன. இலையிலுள்ள ஜிம்னமிக் அமிலங்கள் நாவில் இனிப்பை உணரும் இடத்தில் ஒட்டிக்கொள்வதே இதற்குக் காரணம். இதற்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்புக்கும் தொடர்பில்லை. இனிப்பின் மீதுள்ள ஆசையைச் சிறிது நேரம் அடக்க அது உதவலாம். என் மாத்திரையை அதற்காக நான் குறைத்துக்கொள்ளவில்லை.

பென்னாகரத்திலிருந்து, ராகி பயிரிடுபவர்:

ராகியின் பாலிஃபினால்கள், அதாவது ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் தாவரச் சேர்மங்கள், பெரும்பாலும் அதன் மேல்தோலில் இருப்பவை. மாவைச் சலித்து வெள்ளையாக்க விரும்புவோர் அவற்றைத் தவிட்டோடு கொட்டிவிடுகிறார்கள். மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் நொதியை இந்தப் பொருள்கள் மட்டுப்படுத்துவது ஆய்வகச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. சர்க்கரை நோய்க்கான அகார்போஸ் மாத்திரை செயல்படுவதும் இதே வழியில்தான். அதற்காக ராகி என்றாலே அளவின்றி உண்ணலாம் என்பதில்லை. அதன் எடையில் ஏறத்தாழ 70 விழுக்காடு மாவுச்சத்துதான். என் தாயாருக்குக் கூழ் குடித்தபின் குளுக்கோமீட்டர் காட்டும் அளவு, சலிக்காத மாவில் கிண்டிய களியைக் கீரைக் கடைசலோடு சாப்பிட்டபின் காட்டுவதைவிடப் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கிறது. நைசாக அரைத்து நீர்த்துப்போகக் காய்ச்சியது விரைவில் செரித்துவிடும் என்பதை அதிலிருந்து விளங்கிக்கொண்டோம்.

பாலக்கோட்டிலிருந்து மீண்டும்:

அய்யா, நீங்கள் நொதியைக் குறிப்பிட்டதால் இதைச் சேர்த்துச் சொல்கிறேன். நான் நாள்தோறும் விற்கும் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினுக்கும் ஒரு செடியின் பின்னணி உண்டு. ஐரோப்பிய நாட்டு மருத்துவத்தில் பயன்பட்ட கலேகா என்ற செடியில் இருந்த கலேஜின் என்ற வேதிப்பொருள் சர்க்கரையைக் குறைத்தது. ஆனால் அதில் நச்சுத்தன்மையும் இருந்தது. அதே வேதியியல் குடும்பத்தைச் சேர்ந்த மெட்ஃபார்மினை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை 1957இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் வெளியிட்டார். ஆகவே மூலிகையை நான் இகழவில்லை. இனி இங்கே எழுதுபவர்கள், எந்தப் பொடி என்பதோடு, அப்போது எடுத்துக்கொண்ட மாத்திரையையும், வெறும் வயிற்றிலும் உணவுக்குப் பின்னும் பார்த்த அளவுகளையும் குறிப்பிட்டால் மற்றவர்களுக்குப் பயன்படும்.